பெட்டிப்பாலில் ‘ஏ’ முத்திரை: பசும்பாலை விட்டவர்களுக்கு எது தேறும்?

பேரங்காடியில் சோயா, பாதாம், ஓட்ஸ், தேங்காய் என்று வரிசைகட்டி நிற்கும் பெட்டிகளில் கண்ணை முதலில் இழுப்பது பச்சை ‘ஏ’ முத்திரைதான். சிங்கப்பூரில் பானங்களுக்கு இந்தத் தர எழுத்தைக் கொடுக்கும் நியூட்ரி-கிரேட் முறை 2022 டிசம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. அது பார்ப்பது இரண்டே விஷயம்: சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு. 100 மில்லிலிட்டரில் சர்க்கரை 1 கிராமைத் தாண்டாமல், அந்தக் கொழுப்பு 0.7 கிராமைத் தாண்டாமல், இனிப்பூட்டியும் இல்லாமல் இருந்தால் ‘ஏ’. புரதமும் கால்சியமும் வைட்டமின் பி12-உம் அந்தக் கணக்கிலேயே கிடையாது. வெறும் தண்ணீரை அளந்தாலும் ‘ஏ’தான். நீரிழிவுக்காரருக்கு உதவும் முத்திரை இது. பால், தயிர், மோர் மூன்றையும் நிறுத்திவிட்ட நனிசைவர் இதை நம்பினால் ஏமாறுவார்.

இங்கே கம்பெனிப் பெயர் சொல்லாமல் வகையை மட்டும் எடைபோட்டிருக்கிறோம். ஒரே கம்பெனியின் இனிப்புள்ளது, இனிப்பில்லாதது, ஆர்கானிக், காப்பிக்கென்றே செய்த பாரிஸ்டா நான்குக்கும் பெட்டி ஒரே சாயலில் இருக்கும், உள்ளே இருப்பது வேறு. பின்பக்க அட்டவணையில் ‘100 மி.லி.’ பத்தியை மட்டும் பாருங்கள். புரதம் 3 கிராம், கால்சியம் 120 மில்லிகிராம் இருக்கவேண்டும். பசும்பாலும் ஏறக்குறைய இவ்வளவுதான். இரண்டும் இருந்தால் அது பாலுக்கு மாற்று. இல்லாவிட்டால் அது ஒரு பானம், அவ்வளவே.

இந்தச் சோதனையில் தேறுவது கால்சியம் சேர்த்த, இனிப்பில்லாத சோயா. 250 மி.லி. கோப்பையில் புரதம் ஏழெட்டு கிராம், கால்சியம் 300 மில்லிகிராம். ஐம்பது வயது வரை பெரியவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் நாளளவு 800 மில்லிகிராம், அதற்கு மேல் 1,000. ஆனால் அந்தக் கால்சியம் பாலில் கரைந்து கிடப்பதில்லை, தூளாக மிதக்கிறது. குலுக்காமல் ஊற்றினால் அடியில் தங்கிவிடும். காலிப் பெட்டியைக் கத்தரித்துப் பாருங்கள், மூலையில் சுண்ணாம்புக் குழைவுபோல வெள்ளையாக அப்பியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய கால்சியம் அது! ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும். ‘ஆர்கானிக்’ என்று போட்ட சோயாவில் பெரும்பாலும் கால்சியமே சேர்த்திருக்க மாட்டார்கள்; கூடுதல் விலைக்குக் குறைந்த சத்து.

பாதாம் பெட்டி பார்வைக்கு ராஜா. சேர்பொருள் வரிசையில் பாதாம் 2 சதவிகிதம் என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 கிராம். எண்ணிப் பார்த்தால் பதினாறு, பதினேழு பருப்பு. மீதி தண்ணீரும் கெட்டியாக்கும் பசையும். 100 மி.லி.க்குப் புரதம் அரை கிராம் தேறினால் அதிகம். முஸ்தபா கடையில் பாதாம் வாங்கி ஒரு பிடி ஊறவைத்துத் தின்பது இதைவிட மேல்.

ஓட்ஸ் பால் குடிக்கச் சுகம், புரதம் 1 கிராம் அளவுதான். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தும் அட்டவணையில் 3, 4 கிராம் சர்க்கரை காட்டும். பொய்யில்லை. ஓட்ஸ் மாவை நொதி உடைக்கும்போது மால்டோஸ் என்ற சர்க்கரை தானே உண்டாகிறது. தேங்காய்ப் பானத்தில் புரதம் இல்லவே இல்லை எனலாம்.

இனி அடுப்படி. காப்பியில் சோயா திரிவதற்குக் காரணம் காப்பியின் புளிப்பும் சூடும் ஒருசேரத் தாக்குவது. கோப்பையில் முதலில் வெதுவெதுப்பான சோயாவை ஊற்றி, மேலே காப்பியை மெல்லச் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. இஞ்சித் தேநீருக்கு இஞ்சியையும் தூளையும் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வடிகட்டி, கடைசியில் சோயா சேருங்கள். ஓட்ஸ் பாலைக் கொதிக்கவிட்டால் கஞ்சிபோல வழவழக்கும், இறக்கிய பிறகு ஊற்றுவதே சரி. காப்பிக்கடையில் ‘தே’ கேட்டால் கண்டென்ஸ்டு மில்க், ‘தே சி’ என்றால் எவாப்பரேட்டட் மில்க். பாலே சேராத ‘தே ஓ’ ஒன்றுதான் வழி. சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

தயிருக்கும் சோயாதான். புரதம் 3 கிராம் உள்ள இனிப்பில்லாத பெட்டியில் அரை லிட்டர் எடுத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அரைத் தேக்கரண்டி சர்க்கரை போடுங்கள். சோயாவில் பால்சர்க்கரை இல்லாததால் நுண்ணுயிருக்கு அதுதான் தீனி. உயிருள்ள நுண்ணுயிர் கொண்ட தாவரத் தயிர் ஒரு மேசைக்கரண்டி உறையூற்றி, ஆடாமல் எட்டு மணி நேரம் வைத்தால் உறையும். சிங்கப்பூர்ச் சூட்டுக்கு வேறு ஏற்பாடு தேவையில்லை. குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தால்தான் உறையாமல் சொதப்பும். பாதாமிலும் ஓட்ஸிலும் முயல வேண்டாம், உறைய அங்கே புரதம் இல்லை.

பெட்டியில் பி12 இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் தப்பு. 100 மி.லி.க்கு 0.38 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால் ஒரு கோப்பைக்கு 0.95. நாளுக்கு வேண்டியது 2.4. தினமும் 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2,000 மைக்ரோகிராம் மாத்திரை. அளவு ஏன் இப்படித் தாவுகிறது என்றால், ஒரு வேளைக்கு உடல் ஒழுங்காக உறிஞ்சுவது சுமார் 1.5 மைக்ரோகிராம்தான், அதற்கு மேற்பட்டதில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். ஸ்பைருலினாவை நம்பி இருக்காதீர்கள், அதிலுள்ளது பெரும்பாலும் உடலுக்கு உதவாத போலி பி12. வைட்டமின் டி2 என்றிருந்தால் சிக்கலில்லை. டி3 வழக்கமாக ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருவது. தாவரமூலம் என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கால்சியம் சேர்த்த சோயாவுக்கு நான்கு மணி நேர இடைவெளி விடவேண்டும். குழந்தைக்கு ஒரு வயதுவரை இந்தப் பெட்டி எதுவும் தாய்ப்பாலுக்கோ குழந்தைப் பால்மாவுக்கோ மாற்றாகாது.

உணவங்காடி நிலையத்து சோயா பாலும் வீட்டில் அரைப்பதும் புரதத்துக்குப் பழுதில்லை, கால்சியம்தான் மிகக் குறைவு. அதை தாவ் குவா எனும் கெட்டிச் சோயாக் கட்டியிலும் சாய் சிம், கைலான் கீரைகளிலும் ஈடுகட்டலாம். தாவ் குவா கால்சியம் சல்ஃபேட்டில் உறைந்ததா என்று சேர்பொருள் வரிசையில் பாருங்கள். பசலைக்கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும்.

பச்சையுணவுக்காரர்கள் சோயாவை வேகவைக்காமல் அரைத்துக் குடிப்பது மட்டும் கூடவே கூடாது. பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வாந்தியில் முடியும். 100 கிராம் சோயாவை எட்டு மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். கொதிக்கும் முன்பே நுரை பொங்கி வரும். கொதித்துவிட்டது என்று பலர் அணைத்துவிடுவது அங்கேதான். அது பொய்க்கொதி. தீயைக் குறைத்து, நுரை அடங்கி நிஜமாகக் கொதி வந்தபின் இன்னும் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே விடவேண்டும்.