எம்-3 வாக்குப்பதிவு இயந்திரம்: பெட்டி கெட்டி, பிரிண்டர்தான் இடிக்கிறது

கடையில் கிடைக்காது, விலைப்பட்டியலும் ஒட்டியிருக்காது. ஆனாலும் தேர்தலுக்குத் தேர்தல் வீட்டுக்கு ஒருவராவது கைவைக்கிற சாமான் இது. ஆகவே ஒரு மிக்ஸிக்கோ பைக்குக்கோ எழுதுவதைப் போல இதற்கும் ஒரு மதிப்புரை எழுதலாம். தயாரிப்பாளர்கள் இரண்டே பேர், இரண்டும் பொதுத்துறை: பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன். ஒரு செட் என்றால் மூன்று உருப்படி. வாக்காளர் அழுத்தும் பேலட் யூனிட் சுமார் 7,900 ரூபாய். அலுவலர் மேசையில் இருக்கும் கண்ட்ரோல் யூனிட் சுமார் 9,800. சீட்டு அச்சடிக்கும் விவிபேட் சுமார் 16,000. ஆயுள் 15 ஆண்டு. மூன்றிலும் விலை கூடியதே அதிகம் மக்கர் செய்வதும் என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

எம்-3 என்பது மூன்றாம் தலைமுறை. கர்நாடகத்தின் 224 விதான சபை (சட்டமன்றக் கீழவை) தொகுதிகளுக்கும் 2023 மே 10 அன்று வாக்குப்பதிவு நடந்தபோது இந்த ரகம்தான் வந்தது. பெங்களூருவிலேயே ஒரு தொழிற்சாலையை வைத்துக்கொண்டு ஹைதராபாத் தயாரிப்பை இறக்கினார்கள் என்பது வேறு விஷயம். அதே கர்நாடகத்தின் மேலவைத் தேர்தலுக்கு இந்தப் பெட்டி உதவாது. அங்கே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். அதற்கு இன்றைக்கும் காகிதமும் அவர்களே தரும் ஊதா ஸ்கெட்ச் பேனாவும்தான். ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, அதிகம் வாங்கியவர் வென்றார் என்ற கீழவைக் கணக்குக்காகவே செய்த பெட்டி இது.

பேலட் யூனிட்டில் 16 நீலப் பொத்தான்கள், பக்கத்தில் பிரெய்ல் எண். இங்கே ஒரு கணக்கு உண்டு: கடைசிப் பொத்தான் நோட்டாவுக்கு. ஆக, ஒரு யூனிட்டில் அடங்குவது 15 வேட்பாளர்கள்தான். பதினாறாவது ஆள் வாபஸ் வாங்காமல் நின்றுவிட்டால் தொகுதியின் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் இரண்டாவது யூனிட் போக வேண்டும். பழைய எம்-2 ரகத்தில் அதிகபட்சம் 4 யூனிட், 64 பொத்தான். எம்-3இல் 24 யூனிட் வரை கோக்கலாம், நோட்டாவோடு சேர்த்து 384. சும்மா விளம்பரத்துக்குப் போட்ட எண் இல்லை. கரூரில் 2021 சட்டமன்றத் தேர்தலில் 77 பேர் நின்றார்கள், எம்-2 என்றால் தொடவே முடியாது. 2019இல் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 பேருக்காக 12 யூனிட்டை வரிசையாக அடுக்கினார்கள். ஆனால் 1996இல் மொடக்குறிச்சியில் நின்ற 1,033 பேர் திரும்ப வந்தால் எம்-3யும் கையை விரித்துவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட யூனிட் இருந்தால் ஒவ்வொன்றின் உள்ளே இருக்கும் எண் சக்கரத்தைச் சரியாகத் திருப்பியிருக்க வேண்டும்: முதல் யூனிட்டுக்கு 1, 17 முதல் 32 வரை உள்ளதற்கு 2. இதை வேட்பாளர் பெயர்த் தாளைப் பொருத்தும் நாளிலேயே செய்து மூடி முத்திரை வைத்துவிடுவார்கள். தப்பாகத் திருப்பியிருந்தால் சாவடியில் சரிசெய்ய வழியில்லை, யூனிட்டையே மாற்ற வேண்டியதுதான். வேட்பாளரின் முகவராக இருப்பவர்கள் தேர்தல் நாளுக்குக் காத்திருக்காமல் இந்தப் பொருத்தும் வேலை நடக்கும்போதே போய் நின்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

இணைப்பு வரிசை: பேலட் யூனிட்டின் ஒயர் விவிபேட்டுக்கு, விவிபேட்டின் ஒயர் கண்ட்ரோல் யூனிட்டுக்கு. முதல் இரண்டும் ஓட்டுப் போடும் மறைப்புக்குள், மூன்றாவது அலுவலர் மேசையில். கண்ட்ரோல் யூனிட் சுவிட்ச் அணைந்திருக்கும்போதுதான் ஒயரைச் செருகவோ கழற்றவோ வேண்டும். ‘லிங்க் எரர்’ என்று திரையில் வந்தால் பெரும்பாலும் செருகி பாதி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ‘பிரஸ்டு எரர்’ வந்தால் ஏதோ ஒரு நீலப் பொத்தான் அமுங்கியபடியே சிக்கியிருக்கிறது. ‘இன்வாலிட்’ வந்தால் கோளாறு பெட்டியில் இல்லை, பொத்தான்களை வரிசை மாற்றி அழுத்தியவரிடம். இந்தச் செய்திகளை முழு வார்த்தையில் காட்டுவது நல்ல வடிவமைப்பு. காலை ஐந்தரை மணிக்குக் கையேட்டைப் புரட்டிக்கொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லை.

இனி விவிபேட். இதற்குத் தனி ஆன்-ஆஃப் கிடையாது. பின்பக்கம் ஒரு குமிழ் மட்டும் இருக்கும். கிடையாக இருந்தால் பயண நிலை, காகிதச் சுருள் பூட்டியிருக்கும். செங்குத்தாக இருந்தால் வேலை நிலை. குமிழைத் திருப்பாமல் சுவிட்சைப் போட்டுவிட்டு ‘மெஷின் அவுட்’ என்று மண்டல அலுவலருக்குப் போன் அடிப்பது இந்தச் சாமானுக்கே உரிய சடங்கு. குமிழ் சரியாக இருந்தால் சுவிட்ச் போட்டதும் தன்னைத்தானே சோதித்து ஏழு சீட்டை அச்சடித்துப் பெட்டிக்குள் தள்ளும். அந்த ஏழும் வாக்கு அல்ல. மாதிரி வாக்குப்பதிவுச் சீட்டை எண்ணும்போது ‘ஏழு கூடுதலா வருதே’ என்று முகவர்கள் சண்டைக்கு வருவது இதனால்தான்.

ஓட்டுப் போட்டால் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் கொண்ட சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு நொடி தெரியும், பிறகு அறுந்து உள்ளே விழும். அது விழுந்த பிறகுதான் நீண்ட பீப் ஒலி வரும். ஏழு நொடி போதுமா? படிக்கத் தெரிந்த, கண் நன்றாக உள்ள ஆளுக்குப் போதும். வயதானவர் பொத்தானை விட்டுக் கண்ணாடிக்குப் பார்வையைத் திருப்புவதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். கண்ணாடி கறுப்புச் சாயல் கொண்டது, உள்விளக்கு எரியும்போது மட்டுமே தெரியும். இன்னொரு குறை: பேலட் தாளில் வேட்பாளர் படம் உண்டு, சீட்டில் கிடையாது. ஒரே பெயரில் மூன்று சுயேச்சைகளை இறக்கிக் குழப்பும் ஊரில் படம்தான் காப்பாற்றும், சரிபார்க்க வேண்டிய இடத்தில் அது இல்லை. பேலட் தாளை மட்டும் திருத்திவிட்டார்கள். 2025 பீகார் சட்டமன்றத் தேர்தலில் தொடங்கி வண்ணப்படம், எண்களுக்கு 30 அளவு தடித்த எழுத்து, சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்புத் தாள். நல்ல மாற்றம், தாமதமான மாற்றம்.

வெளிச்சம் விவிபேட்டுக்கு ஆகாது. 2018 மே மாதம் கைரானா, பண்டாரா-கோண்டியா இடைத்தேர்தல்களில் கொத்தாகப் பழுதானபோது, உள்ளே காகிதத்தைக் கவனிக்கும் சென்சார் மீது அளவுக்கு மீறி வெளிச்சம் பட்டதே காரணம் என்றது தேர்தல் ஆணையம். ஆகவே மறைப்பை ஜன்னலுக்கு நேராகவோ டியூப்லைட்டுக்கு நேர் கீழேயோ வைக்கக் கூடாது. பள்ளிக்கூட வகுப்பறையில் இடம் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். பழுதுக்கான கையிருப்பிலும் மற்ற இரண்டு உருப்படிகளைவிட விவிபேட்டைத்தான் அதிகம் வைக்கிறார்கள் என்பதே இதன் தரத்துக்கு ஆணையம் தரும் சான்றிதழ்.

மாதிரி வாக்குப்பதிவு, நிஜ வாக்குப்பதிவுக்கு 90 நிமிடம் முன்பு தொடங்க வேண்டும். நோட்டா உட்பட எல்லாப் பொத்தானுக்கும் ஓட்டுப் போட்டு, குறைந்தது 50 சேர வேண்டும். பிறகு கண்ட்ரோல் யூனிட்டில் குளோஸ், ரிசல்ட், பதிவை அழிக்கும் கிளியர் பொத்தான்கள், இதே வரிசையில். ரிசல்ட்டையும் சீட்டுகளையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் ‘மாதிரி’ முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்ட வேண்டும். கிளியரை மறப்பதும் விவிபேட் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுக்க மறப்பதும்தான் இந்தச் சாமான் மீது விழும் சந்தேகங்களுக்குப் பெரிய தீனி. ஏழு மணிக்கு வாசலில் கூட்டம் சத்தம் போடும்போது கடைசிப் படி விட்டுப்போகும். மாலையில் வாக்காளர் வருகையைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் 812 பேர், பெட்டியில் 862 என்று நின்றால் இந்த 50தான் காரணம். அப்படிப்பட்ட பெட்டியை எண்ணும் நாளில் ஓரம் வைத்துவிட்டு, வெற்றி வித்தியாசம் அந்தச் சாவடி வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் கடைசியில் சீட்டுகளை எண்ணுவார்கள். கிளியர் அடிக்காமல் முதல் நிஜ வாக்கை ஏற்க மறுக்கும்படி பெட்டியையே வடிவமைக்காதது, இத்தனை தலைமுறை கடந்தபின் மன்னிக்கக் கூடியதல்ல.

வாக்குப்பதிவு நடக்கும்போது விவிபேட் மட்டும் படுத்தால் விவிபேட்டை மட்டும் மாற்றலாம், மாதிரி ஓட்டு வேண்டாம். பேலட் யூனிட்டோ கண்ட்ரோல் யூனிட்டோ படுத்தால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒவ்வொரு வேட்பாளருக்கும் நோட்டாவுக்கும் ஒரு மாதிரி ஓட்டுப் போட்டுவிட்டுத் தொடர வேண்டும். பழைய கண்ட்ரோல் யூனிட்டில் பதிவான வாக்குகள் பத்திரமாக இருக்கும், எண்ணும் நாளில் இரண்டையும் கூட்டுவார்கள்.

கடைசி வாக்காளருக்கு அலுவலர் கண்ட்ரோல் யூனிட்டின் ‘பேலட்’ பொத்தானை அழுத்திக் கொடுத்தபின் அவர் ஓட்டுப் போடாமல் கிளம்பிவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். சிவப்பு ‘பிஸி’ விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், குளோஸ் பொத்தான் வேலை செய்யாது. பலர் பெட்டி கெட்டுவிட்டதாகவே நினைத்துவிடுகிறார்கள். சுவிட்சை அணைத்து, விவிபேட் ஒயரைக் கழற்றி, மறுபடி சுவிட்சைப் போட்டால் பிஸி அணையும், குளோஸ் வேலை செய்யும்.

பேட்டரிக்கு நல்ல மார்க் போடலாம். கரண்ட் தேவையில்லை, கண்ட்ரோல் யூனிட்டில் ஆல்கலைன் பேட்டரி. ஆனால் சதவீதம் காட்டும் விதம் வம்பை விலைக்கு வாங்குகிறது. 7.4 வோல்ட்டுக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 99 என்றே காட்டும், அதற்குக் கீழே இறங்கிய பிறகுதான் 98, 97 என்று குறையும். 2024 ஹரியானா எண்ணிக்கையின்போது ‘நாள் முழுக்க ஓடிய மெஷினில் 99 சதவீதம் எப்படி’ என்று எழுந்த புகாரின் மூலம் இதுதான். சதவீதத்துக்குப் பதில் வோல்ட்டையே காட்டியிருந்தால் அந்தச் சண்டை பாதியாகக் குறைந்திருக்கும்.

எண்ணும் வேலையில் இதை மிஞ்ச ஆளில்லை. செல்லாத ஓட்டு என்பதே இல்லை. 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 40,752க்கு 40,751 என்று ஒரே ஓட்டில் முடிவு வந்தது. 2023இல் ஜெயநகரில் 16 ஓட்டு வித்தியாசத்தில் நள்ளிரவு வரை நடந்த தகராறு, முதலில் தள்ளுபடியான அஞ்சல் வாக்குகளைப் பற்றியது. அதாவது காகிதத்தைப் பற்றியது. ஆனால் இதே துல்லியம் ஒரு தீமையையும் கொண்டுவருகிறது: சாவடி வாரியாக எண்ணுவதால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது அன்று மாலையே எல்லாக் கட்சிக்கும் தெரிந்துவிடும். பல பெட்டிகளின் எண்ணிக்கையைக் கலந்து மொத்தமாகக் காட்டும் டோட்டலைசரை ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. இன்னும் வரவில்லை.

சரிபார்ப்புதான் மிகவும் பலவீனமான பகுதி. தொகுதிக்குக் குலுக்கலில் 5 விவிபேட்டை மட்டுமே எண்ணுகிறார்கள், அதுவும் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபின் ஒன்றிலிருந்து ஐந்தானது. சீட்டும் பெட்டியும் முரண்பட்டால் சீட்டின் கணக்கே செல்லும் என்று விதி இருக்கிறது, நல்ல விதி. ‘நான் போட்டது வேறு, சீட்டில் வந்தது வேறு’ என்று வாக்காளர் சொன்னால் விதி 49எம்ஏ: எழுத்துமூலம் உறுதி வாங்கிக்கொண்டு முகவர்கள் முன்னிலையில் ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள். பொய்யென்று தெரிந்தால் வழக்கு. தவறு ஒவ்வொரு ஓட்டுக்கும் நடக்காமல் எப்போதாவது நடந்தால் இந்தச் சோதனையில் சிக்காது, மாட்டுவது புகார் சொன்னவர்தான்.

முகவர்களுக்கு: குளோஸ் அழுத்தியதும் ‘டோட்டல்’ எண்ணை நீங்களே திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தலைமை அலுவலர் கையெழுத்திட்ட 17சி படிவத்தின் (பதிவான வாக்குகளின் கணக்கு) நகலை வாங்காமல் சாவடியை விட்டு நகராதீர்கள். அதில் கண்ட்ரோல் யூனிட்டின் வரிசை எண்ணும் தாள் முத்திரை எண்களும் எழுதியிருக்கும். எண்ணும் மேசையில் பெட்டி வந்ததும் முதலில் ஒப்பிட வேண்டியது அவற்றைத்தான்.

வேட்பாளர்களுக்கு: உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் 26 தீர்ப்புக்குப் பிறகு, இரண்டாம், மூன்றாம் இடம் பிடித்தவர்கள் முடிவு வந்த 7 நாளுக்குள் கேட்டால் சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் மைக்ரோகண்ட்ரோலரை (நிரல் பொதிந்த சில்லை) தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் சோதித்துக் காட்ட வேண்டும். எந்தச் சாவடி இயந்திரம் என்பதைக் கேட்பவரே குறிப்பிடலாம். 2024இல் ஆணையம் அறிவித்த கட்டணம் ஒரு செட்டுக்கு 40,000 ரூபாய், ஜிஎஸ்டியோடு 47,200. முறைகேடு நிரூபணமானால் பணம் திரும்பக் கிடைக்கும்.