கைதிக் கப்பல் வைத்தியம்: ஐந்துக்கு மூன்று

ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிப்போன பிரிட்டிஷ் கப்பல்களின் மருத்துவச் சேவைக்கு நான் மூன்று நட்சத்திரம் தருவேன், அதுவும் 1815க்குப் பிறகான சேவைக்கு மட்டும்தான். 1790இல் போன இரண்டாம் கப்பல் தொகுதிக்கு ஒன்றுகூடத் தர மனம் வராது. ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம், உயிரோடு இறங்கினார்களா என்று யார் பார்த்தது? ஏறியவர்களில் சுமார் கால்வாசிப் பேர் வழியிலேயே செத்தார்கள். 1814இல் மூன்று கப்பல்களில் நோயும் சாவும் மலிந்து, சிட்னி மருத்துவர் வில்லியம் ரெட்ஃபெர்ன் அறிக்கை எழுதிய பிறகுதான் ஒவ்வொரு கப்பலுக்கும் கடற்படை மருத்துவர் ஒருவர் பொறுப்பாளராக வந்தார். கீழ்த்தளத்தைத் தேய்த்துக் காயவைப்பது, காற்று வரவிடுவது, கைதிகளை மேலே வெயிலுக்கு அனுப்புவது, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சைச் சாறு, எல்லாம் அவர் வேலை. சாவு வெகுவாகக் குறைந்தது.

இதற்கெல்லாம் சபாஷ். அப்புறம் மருந்துப் பெட்டியைத் திறந்தால்தான் வயிறு கலங்குகிறது: காய்ச்சலா, ரத்தத்தை எடு, பேதிக்குக் கொடு, பாதரசம் கலந்த கலோமெல் கொடு. பிழைத்தவர்கள் மருந்தால் அல்ல, துடைப்பத்தால் பிழைத்தார்கள் என்பது என் கணிப்பு. நோயாளிக் குறிப்பேடு எழுதியே ஆகவேண்டும் என்ற விதிக்காக அரை நட்சத்திரம் கூட்டலாம். ஆனால் கைதிகளின் ஒழுங்கும் தண்டனையும் அதே மருத்துவர் கையில் என்பதால் அதைக் கழித்துவிட்டேன்.