கையில் பணமா, சொந்தச் சூளையா?

கொத்தடிமையாக இருந்த செங்கல் சூளையிலிருந்து ஓர் இருளர் பழங்குடிக் குடும்பம் மீட்கப்பட்டு ஊர் திரும்பும்போது கையில் இருப்பது பெரும்பாலும் அரசு தரும் விடுதலைச் சான்றிதழ் மட்டும்தான். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கூரைக் கீற்றில் செருகி வைப்பார்கள். சரி, அப்புறம்?

ஒரு வழி, அரசின் உதவித்தொகை. உடனடியாக 30,000 ரூபாய் வரை. மறுவாழ்வுக்கு ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் 3 லட்சம். முதல் தொகை அரிசிக்கும் மருந்துக்கும் உயிர்நாடி. பெரிய தொகையோ முதலாளி மீதான வழக்கின் முடிவைப் பார்த்துக் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி முன்பணத்தோடு வாசலில் வந்து நிற்பார். பத்தாயிரத்துக்காக மறுபடி அதே குழி.

இன்னொரு வழி, சேர்ந்து தொழில் நடத்துவது. திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்டவர்களே செங்கல் சூளை நடத்தியிருக்கிறார்கள். மண் பிசைவது, அச்சில் வார்ப்பது, அடுக்கிச் சுடுவது எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தெரியாதது ஒன்றுதான்: கணக்கு. ஆயிரம் கல்லுக்கு என்ன விலை, கடனில் எவ்வளவு கழிந்தது என்பதை முதலாளி ஒருநாளும் காட்டியதில்லை. இப்போது அந்த நோட்டு அவர்கள் கையில்.

மழைக்காலத்தில் சூளை நிற்கும், கல் விற்கவும் ஆள் தேட வேண்டும். அதனால் முதல் சில மாதங்களுக்கு உதவித்தொகை இல்லாமல் முடியாது. ஆனாலும் நான் சூளையின் பக்கம்தான். மேஸ்திரி அடுத்த முறை வரும்போது, “எங்களுக்கு வேலை இருக்கு” என்று சொல்ல முடிகிறதே.