எட்டு வருடம், ஒரு லட்சம் கிலோமீட்டர், ஒன்பது டயர்

எங்கள் ஏழு சீட்டர் வண்டி போன மாதம் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. 2017 டிசம்பரில் வாங்கியது. அப்பா, அம்மா, நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். அத்தையும் ஏறிக்கொண்டால் ஏழு சீட்டும் நிரம்பிவிடும். வண்டி இருப்பது நாமக்கல்லில். மாதம் ஒருமுறை திருச்சி, வருடத்தில் நாலைந்து தடவை சென்னை, ஆடிப் பெருக்கு சமயத்தில் கொல்லிமலை, நடுவில் பழனி, வேளாங்கண்ணி. இத்தனை ஓட்டத்தில் ஒன்பது டயர் வாங்கியிருக்கிறேன். முதல் நான்கை மாற்றியபோது எனக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைசி இரண்டை வாங்கப் போனபோது, கடைக்காரர் எடுத்து வைத்ததை வேண்டாம் என்று சொல்லி வேறு கேட்கும் அளவுக்குத் தெரிந்திருந்தது. இடையில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

வண்டியோடு வந்த டயர்கள் 38,000 கிலோமீட்டரில் போய்விட்டன. அதே சமயத்தில் அதே மாதிரி வண்டி வாங்கிய நண்பருக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. டயர் மட்டம் என்றுதான் முடிவுகட்டியிருந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வண்டி இரண்டு மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி எடுத்தபோது சக்கரம் சதுரமாகிவிட்டது போல் தடதடவென்று ஓடியது. ஒரே இடத்தில் எடை அழுத்திக்கொண்டே இருந்தால் தரையைத் தொடும் பகுதி தட்டையாகிவிடும். இருபது கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் முக்கால்வாசி சரியாகிவிட்டது. முன்பக்கம் இடது டயர் மட்டும் சரியாகவில்லை.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை டயர் மேல் வைத்து உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை தடவினார். என் கையையும் பிடித்து அதேபோல் தடவ வைத்தார். ஒரு திசையில் வழுவழுவென்று போனது, திரும்பும்போது ரம்பப் பல் மாதிரி கையை உரசியது.

"இது டயர் தப்பில்ல சாமி. வண்டி நேராப் போவுது, சக்கரம் நேராப் போவுல."

முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் ஒரு சிறிது உள்ளே திரும்பியோ வெளியே விரிந்தோ இருந்தால், டயர் உருளும்போதே பக்கவாட்டிலும் தேய்த்துக்கொண்டு போகும். ஸ்டியரிங் நேராகத்தான் இருக்கும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கக்கூட இழுக்காது. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. உள்விளிம்பு மொட்டையாகி நூல் தெரியும் நிலைக்கு வந்திருந்தது, வெளியே நின்று பார்த்தால் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) நன்றாக இருக்கிற மாதிரியே தெரிந்தது. சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று அளந்து சரிசெய்வதுதான் அலைன்மென்ட். இரண்டரை வருடத்தில் நான் அதைப் பார்த்தது ஒரே ஒரு முறை. இப்போது 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்க்கிறேன். பெரிய குழியில் இறக்கினாலோ, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் மாதிரி எதையாவது மாற்றினாலோ கணக்குப் பார்க்காமல் உடனே பார்த்துவிடுகிறேன்.

டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் புது டயர் வாங்கினால், அந்தப் புது டயரும் அதே மாதிரிதான் தேயும். இதைத்தான் இந்தப் பதிவில் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நின்றால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட். அங்கங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் சக்கரத்தின் எடைச் சமநிலையையும் (பேலன்சிங்) பாருங்கள். கடைக்குப் போகும் முன் கழற்றிய டயரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து அரை மணி நேரம் பார்ப்பது வீண் வேலையே இல்லை.

2020 ஆகஸ்டில் நான்கும் புதிதாக வாங்கினேன். எங்கள் வண்டியின் அளவு 185/65 ஆர் 15, 88 எச். அகலம் 185 மில்லிமீட்டர், அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 15 அங்குல ரிம். இது வரைக்கும் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வரும் 88 தான் குடும்ப வண்டிக்கு முக்கியம். ஒரு டயர் தாங்கும் எடையைக் குறிக்கிற எண் அது. 88 என்றால் 560 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. ஒரு கடையில், "175/65 ஆர் 15 ஸ்டாக் இருக்குதுங்க, அதே ரிம்முக்கு உக்காரும், வெலையும் கம்மி" என்றார்கள். அதில் 84 என்று இருந்தது, அதாவது 500 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து 240 கிலோ தாங்கும் திறன் குறைகிறது. ஏழு பேரும் பின்னால் பைகளும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இந்த எண்ணில் ஒருபோதும் கீழே இறங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எதிர்ப்பக்கமாக, நண்பர் ஒருவர் 195/65 போடு, ரோட்டில் பிடிமானம் கூடும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் டயரின் முழு உயரம் 621 மில்லிமீட்டர் சொச்சம், அவர் சொன்னது 634 சொச்சம். இரண்டு சதவீத வித்தியாசம். மீட்டர் நூறு காட்டும்போது வண்டி 102-ல் போகும். பெரிய ஆபத்து இல்லைதான். ஆனாலும் முழு எடையில் ஸ்பிரிங் அமுங்கும்போது பின்சக்கரத்துக்கும் மேலே மட்கார்டுக்கும் இருக்கிற இடைவெளி எங்கள் வண்டியில் ஏற்கெனவே குறைவு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே போட்டேன்.

அதே ஸ்டிக்கரில்தான் காற்றின் அளவும் இருக்கிறது. எங்களுக்கு 33 பிஎஸ்ஐ, முழு ஆளும் ஏறினால் பின்னால் 36. இந்த இரண்டாவது எண்ணை முதல் இரண்டரை வருடம் நான் கவனிக்கவே இல்லை. ஏழு பேரோடு வேளாங்கண்ணிக்கும் 33-லேயே போய் வந்திருக்கிறேன். காற்று குறைந்தால் பக்கச்சுவர் அதிகம் வளைந்து வளைந்து நிமிரும், அதனால் சூடேறும். சித்திரை வெயிலில் தார் ரோட்டின் சூடும் சேரும். நெடுஞ்சாலையில் டயர் வெடிக்க முக்கியக் காரணமே இந்தச் சூடுதான். வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து ஓட்டு என்று சொல்லும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. அதைக் கேட்காதீர்கள், அது நேர் எதிரான பலனைத் தரும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. 600 ரூபாய் கொடுத்து ஒரு காற்றழுத்த மானி வாங்கி வைத்திருக்கிறேன். நான் வழக்கமாகக் காற்றடித்த பங்க்கின் மீட்டர் 4 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டியது அது வந்த பிறகுதான் தெரிந்தது. நைட்ரஜன் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தப் பணத்துக்குப் பதில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அளந்து பார்த்தால் போதும்.

2023-ல் சேலம் போகும் வழியில், இரவு, மழை. தண்ணீர் நின்ற குழியில் வலது பின்சக்கரம் இறங்கியது. அப்போது ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வண்டி கழுவும்போது பார்த்தால் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். ரப்பருக்குள் இருக்கும் நூல் அறுந்துபோய், உள்ளே இருக்கும் காற்று வெறும் ரப்பரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். அதற்கு ஒட்டும் கிடையாது, பஞ்சரும் கிடையாது. "இன்னும் அஞ்சாயிரம் ஓடும்ண்ணா" என்று ஒருவர் சொன்னார். மேலே ஏறுகிறவர்கள் என் பிள்ளைகள். அன்றே கழற்றினேன்.

ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரே அச்சில் ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் 31,000 ஓடியது என்று ஆகிவிடும். அதனால் இரண்டாக வாங்கினேன். அப்போதுதான் அந்த வாக்குவாதம் வந்தது. முன்சக்கர இழுவை வண்டி, அதனால் புதுசை முன்னால் போடணும் என்று கடைக்காரர் கையில் எடுத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் டயர் தயாரிப்பாளர்கள் சொல்வது நேர்மாறு: புது டயர் இரண்டும் பின்னால். ஈர ரோட்டில் முன்டயர் பிடி விட்டால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும், காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பக் கிடைக்கும். பின்டயர் பிடி விட்டால் வால் சுற்றும். லாரி ஓட்டிப் பழகியவரே திணறுவார் என்றார் அப்பா. பின்னால்தான் போட்டோம்.

ஸ்டெப்னி கதை தனி. 2024 ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்குக் கொல்லிமலை கிளம்பினோம். காரவள்ளி வந்ததும் ஆணி ஏறி பஞ்சர். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஸ்டெப்னியை இறக்கினால் ஒரு நாள்கூடத் தரையைத் தொடாத டயர், பட்டன் அப்படியே இருந்தது. ஆனால் பக்கச்சுவர் முழுக்க மெல்லிய கீறல்கள், காற்று 14 பிஎஸ்ஐ. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும் என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன். அதை மாட்டி மெதுவாகச் சேந்தமங்கலம் திரும்பி, பஞ்சர் ஒட்டி, மாலையில்தான் மலை ஏறினோம். அடுத்த வாரம் ஸ்டெப்னிக்கும் ஒரு புது டயர். இப்போது காற்று அளக்கும்போது ஐந்து சக்கரத்தையும் அளக்கிறேன். ஸ்டெப்னியில் மட்டும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக வைக்கிறேன்.

பஞ்சர் பற்றி ஒரு வார்த்தை. ட்யூப்லெஸ் டயரில் வெளியிலிருந்து திரி குத்தி அடைப்பது வழியில் சமாளிக்க நல்ல வழி. வீட்டுக்கு வந்ததும் டயரைக் கழற்றி, உள்பக்கமிருந்து காளான் வடிவ பேட்ச் ஒட்டிவிடுவேன். உள்ளே பார்த்தால்தான், காற்று இல்லாமல் ஓடியதில் பக்கச்சுவர் நசுங்கிக் கறுப்புத் தூள் உதிர்ந்திருக்கிறதா என்று தெரியும். உதிர்ந்திருந்தால் அந்த டயர் அவ்வளவுதான். பக்கச்சுவரில் ஆணி ஏறினாலும் அவ்வளவுதான்.

2025 செப்டம்பரில் முன்னால் இருந்த பழைய இரண்டும் 55,000 கிலோமீட்டரை எட்டின. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு திட்டு பட்டனோடு சமமானால் 1.6 மில்லிமீட்டர், அதுதான் கடைசி எல்லை. என்னுடையதில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. ஐப்பசி மழை முன்னால் நிற்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டரை நம்ப எனக்கு மனம் வரவில்லை. தேங்கிய தண்ணீரைப் பள்ளம் வழியாகத் தள்ளிவிட முடியாவிட்டால், டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் சொன்னபடி கேட்காது. செப்டம்பர் முதல் வாரம் கேட்டபோது ஒன்றுக்கு 6,400 சொன்னார்கள். 22-ஆம் தேதி முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் காத்திருந்தேன். அதே டயர் 5,900.

கடைக்காரர் எடுத்து வைத்ததில் தயாரிப்புத் தேதி 3522 என்று இருந்தது. பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கம்தான் அது. 2022-ஆம் ஆண்டு 35-ஆவது வாரம். மூன்று வருடம் ரேக்கில் இருந்தது.

"புதுசுதானுங்க, ஓடவே இல்ல."

"தெரியுதுங்க. எனக்கு இந்த வருசத்துது வேணும், ரெண்டு நாள் ஆனாலும் பரவால்ல."

இரண்டு நாளில் 2725 வந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், திருவொற்றியூர் என்று நம் ஊரிலேயே இத்தனை டயர் தொழிற்சாலைகள் இருக்கும்போது, புது சரக்கு வரவழைப்பது கடைக்காரருக்குப் பெரிய சிரமம் இல்லை. கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். வால்வு புதிது, பேலன்சிங், அலைன்மென்ட். காற்றுத் துப்பாக்கியால் நட்டை அடித்து முடுக்காமல், கடைசி முடுக்கைக் கையால் போடச் சொன்னேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீட்டில் ஒருமுறை ஸ்பேனரால் சரிபார்த்தேன்.

புதுசு போட்ட முதல் வாரம் 90-ல் ஸ்டியரிங் நடுங்கியது. திரும்பப் போனேன், ரிம்மில் ஒட்டிய ஈய எடை ஒன்று விழுந்திருந்தது. பத்து நிமிட வேலை. அது சரியானதும் இன்னொரு சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. 60-ஐத் தாண்டினால் 'ஊஊ' என்று ஒரு முனகல், வேகம் கூடக் கூடக் கூடும். முதலில் டயர் சத்தம் என்றுதான் நினைத்தேன். காலி நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை மெதுவாக இடது வலதாக ஆட்டி ஓட்டிப் பார்க்கச் சொன்னார் அப்பா. டயர் சத்தம் என்றால் பெரிதாக மாறாது, பேரிங் என்றால் எடை அந்தப் பக்கம் சாயும்போது கூடும். இடது பக்கம் திருப்பும்போது கூடியது, வலது பக்கம் திருப்பும்போது அடங்கியது. இடது பக்கம் திரும்பினால் எடை வலது சக்கரத்தில் ஏறும். வலது முன்சக்கர பேரிங் சொல்லி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை மாற்றுகிறார்கள். கையோடு அலைன்மென்ட்டும்.