புதிய எஸ்எஸ்டி, புதிய விண்டோஸ்: குளோன் செய்வதா, புதிதாக நிறுவுவதா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததையொட்டி, வீட்டிலுள்ள மேசைக் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றும்போதே, சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அசையும் பாகங்கள் இல்லாத வேகமான எஸ்எஸ்டி பொருத்தினேன். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்துவிட்டு (முழுமையாக நகலெடுத்துவிட்டு) அதன்மேல் விண்டோஸ் 11-க்கு அப்கிரேடு செய்யலாம். அல்லது வெறும் எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி, நம் கோப்புகளை மட்டும் அதற்குக் கொண்டுவரலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கணினி விரைந்து இயங்குவதற்குக் காரணம் எஸ்எஸ்டிதான். விண்டோஸ் உரிமத்தை உறுதிசெய்யும் ஆக்டிவேஷனைப் பற்றியும் கவலை வேண்டாம். முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமம் முதன்மையாக மதர்போர்டைச் சார்ந்தது என்பதால், டிஸ்க்கை மட்டும் மாற்றுவதால் அது போய்விடாது.

என் முடிவைத் தீர்மானித்தது பார்ட்டிஷன் அமைப்பு, அதாவது டிஸ்க் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும் விதம். குளோன் செய்யும்போது கோப்புகளோடு, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ பிரித்துவைத்த பார்ட்டிஷன்களும் புதிய டிஸ்க்குக்கு வந்துசேர்கின்றன. பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்தால் முதல் தடை அங்கேயே தொடங்கும். கணினியைத் தொடங்கிவைக்க விண்டோஸ் 11 யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையை எதிர்பார்க்கிறது. அதற்கு டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் இருக்க வேண்டும். மாற்றித் தருவதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது என்றாலும், டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு மேல் இருந்தால் அது வேலை செய்யாது.

அடுத்தது, விண்டோஸ் பழுதானால் மீட்பதற்கான கருவிகள் இருக்கும் ரிகவரி பார்ட்டிஷன். பல கணினிகளில் அது சி டிரைவுக்கு உடனடுத்து உட்கார்ந்திருக்கும். பெரிய எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்தால் கூடுதலாகக் கிடைத்த காலியிடம் அதற்கும் அப்பால் போய்விடும். ஒட்டியிருக்கும் காலியிடத்தை மட்டுமே சேர்க்கத் தெரிந்த விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட், சி டிரைவைப் பெரிதாக்க மறுத்துவிடும். அந்தப் பார்ட்டிஷனின் அளவும் முக்கியம். 2024 ஜனவரியில், டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் வசதியின் குறைபாடு ஒன்றைச் சரிசெய்ய வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்கு, ரிகவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. அந்த இடம் இல்லாத கணினிகளில் அது 0x80070643 என்ற பிழையோடு மீண்டும் மீண்டும் தோற்றது. சாதாரணப் பயனர் ஒருவர் கட்டளைகளைத் தட்டச்சு செய்து பார்ட்டிஷனைச் சுருக்கி, அழித்து, மீண்டும் உருவாக்க வேண்டிய நிலை வந்தது. பழைய அமைப்பைச் சுமந்துகொண்டு இன்னும் பல ஆண்டுகள் இதுபோன்ற பராமரிப்பில் ஈடுபடுவதைவிட, வெறும் டிஸ்க்கை விண்டோஸ் நிறுவியின் கையில் கொடுத்து, கணினியைத் தொடங்கும் பூட் கோப்புகளுக்கான 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்து ரிகவரி வரை அதுவே தனக்கு வேண்டியபடி பிரித்துக்கொள்ள விடுவது எவ்வளவோ மேல்.

புதிதாக நிறுவுவோர் ஒன்றை மட்டும் தவறாமல் செய்ய வேண்டும்: பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு நிறுவ வேண்டும். இரண்டும் இணைந்திருந்தால், நிறுவி பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் எழுதிவிடக்கூடும். பின்னர் அந்த டிஸ்க்கை அகற்றும் நாளில் புதிய விண்டோஸ் தொடங்காது.

இந்த வழிக்குரிய விலை உழைப்புதான். மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுவவும், பிரின்டரை மறுபடி இணைக்கவும், பிரவுசரின் அமைப்புகள் கிடக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரைத் தேடி எடுக்கவும் ஒரு விடுமுறை நாள் முழுவதும் போய்விடும். பழைய தமிழ் ஆவணங்களை வைத்திருப்பவர்கள் பாமினி போன்ற எழுத்துருக்களையும் மறவாமல் நகலெடுக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் அந்த ஆவணங்கள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாமல் சில மாதங்களாவது தனியே வைத்திருந்தால், விடுபட்டவற்றை யுஎஸ்பி கேபிள் வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

குளோன்தான் சரி என்று சொல்லத்தக்க சூழலும் உண்டு. உரிமச் சாவி தொலைந்துபோன, அல்லது தயாரித்தவர்களே கைவிட்டுவிட்ட கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் நடத்துபவருக்குப் புதிதாக நிறுவுவது ஆபத்தானது. அவர் முதலில் குளோன் செய்து, பிறகு எஸ்எஸ்டியில் அப்கிரேடு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் பழைய டிஸ்க் தொடப்படாமல் முழு பேக்கப்பாக நிற்கும். வரிசையை மாற்றிப் பழைய டிஸ்க்கிலேயே அப்கிரேடு செய்தால், முந்தைய விண்டோஸுக்குத் திரும்ப இயல்பாகக் கிடைப்பது 10 நாள் அவகாசம் மட்டுமே.

மடிக்கணினியில் நான் இந்த மாற்றத்தைச் செய்து பார்த்ததில்லை; ஆகவே மேலே சொன்னதை மேசைக் கணினிக்கே உரியதாகக் கொள்ளுங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், எந்த வழியில் போனாலும், திருகாணியைக் கழற்றும் முன்பே 48 இலக்க ரிகவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.