பி6100 புரோப்: காசுக்கு நல்ல சரக்கு, கிரவுண்ட் வயரை மட்டும் நம்ப வேண்டாம்

பி6100 என்று அச்சடித்த ஆசிலாஸ்கோப் புரோப்பை (சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஸ்கோப்பையும் சர்க்யூட்டையும் இணைக்கும் கேபிள்) எந்த கம்பெனி செய்கிறது என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது, யார் யாரோ செய்து யார் யார் பெயரிலோ விற்கிறார்கள். ஆன்லைனில் ஜோடியாகக் கிடைக்கிறது, சென்னை ரிச்சி தெரு பக்கம் போனாலும் தேடிப் பிடிக்கலாம். பெரிய பிராண்டு புரோப் ஒன்று வாங்கும் காசில் இதில் சில ஜோடிகளே வாங்கிவிடலாம். ரைகால் டிஎஸ்1054இசட் மாதிரி 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் வைத்திருந்து, அதோடு வந்த புரோப் அறுந்துவிட்டது என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பாக்கெட்டைப் பிரித்ததும் சொருகி அளக்க உட்கார்ந்துவிடாதீர்கள்.

முதல் வேலை ட்ரிம்மர், அதாவது புரோப்பில் திருப்புளியால் திருப்பும் குட்டி அட்ஜஸ்ட்மென்ட். புரோப்பில் 1 எக்ஸ் (சிக்னலை அப்படியே விடுவது), 10 எக்ஸ் (பத்தில் ஒரு பங்காக்குவது) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 10 எக்ஸ் நிலையில் முனைக்குள் 9 மெகாஓம், ஸ்கோப்புக்குள் 1 மெகாஓம், அதனால் பத்தில் ஒரு பங்கு உள்ளே போகிறது. டிசிக்கு இந்தக் கணக்கு போதும். வேகமான சிக்னலைப் பிரிப்பது ரெசிஸ்டர் அல்ல, கெபாசிட்டன்ஸ். அது ஸ்கோப்புக்கு ஸ்கோப் மாறும், ஒரே ஸ்கோப்பில் சானலுக்குச் சானல்கூட கொஞ்சம் மாறும். ரெசிஸ்டர் விகிதமும் கெபாசிட்டன்ஸ் விகிதமும் ஒத்துப்போகும்வரை திருப்பத்தான் அந்த ட்ரிம்மர். ஸ்கோப் முகப்பில் உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் மாட்டினால், குறைவாக இருந்தால் மூலை மழுங்கும், அதிகமாக இருந்தால் மூலையில் கொம்பு முளைக்கும், நடுவில் மேல்பக்கம் தட்டையாக நிற்கும் இடம் ஒன்று வரும், அங்கே விட்டுவிடுங்கள். கூட வரும் பிளாஸ்டிக் திருப்புளியாலேயே திருப்புங்கள். இரும்புத் திருப்புளி பட்டால் ஒரு வடிவம், எடுத்தால் வேறு வடிவம். என்னிடம் உள்ள ஜோடியில் ட்ரிம்மர் பிஎன்சி (ஸ்கோப்பில் சொருகும் முனை) பக்கம் இருக்கிறது, அழுத்தமாகத் திரும்புகிறது, திருப்பி வைத்த இடத்திலேயே நிற்கிறது. இந்த விலைக்கு அது பெரிய விஷயம். கூட வரும் கலர் வளையங்களைத் தூக்கிப் போட வேண்டாம், எந்த புரோப் எந்த சானலுக்குச் சரிசெய்தது என்று தெரிய அதுதான் வழி.

ட்ரிம்மரைத் திருப்பியதும் வோல்டேஜும் துல்லியமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. இல்லை. அலையின் வடிவம்தான் சரியானது, டிசி அளவை ட்ரிம்மர் தொடவே தொடாது. அதற்கு ஸ்கோப்பின் செல்ஃப் கேலிப்ரேஷன் (ஸ்கோப் தன் அளவைத் தானே சரிசெய்துகொள்வது) வேண்டும்: அரை மணி நேரம் ஓடவிட்டு, எல்லா புரோப்பையும் கழற்றிவிட்டு, மெனுவில் ஓட்ட வேண்டும். அதை முதலில் முடித்துவிட்டு புரோப்புக்கு வாருங்கள். அப்புறம், மெனுவிலும் புரோப்பிலும் 10 எக்ஸ் என்றே இருக்கிறதா பாருங்கள், 5 வோல்ட் சப்ளை 50 வோல்ட்டாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படியும் இது ஸ்கோப்தானே, திரையில் காட்டும் மொத்த அளவில் 3 சதவீதம்வரை பிசகலாம். மில்லிவோல்ட் சுத்தமாக வேண்டுமென்றால் மல்டிமீட்டரை எடுங்கள்.

இனி குறைகள். 1 எக்ஸ் பக்கம் 6 மெகாஹெர்ட்ஸ் அளவில் தீர்ந்துவிடுகிறது, நூறு பிக்கோஃபாரட் பக்கம் சுமையும் ஏற்றுகிறது. 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் காலில் 1 எக்ஸில் வைத்தால் ஆசிலேட்டரே நின்றுவிடலாம். சுவிட்சும் லேசாக இருக்கிறது, கை பட்டால் நகர்ந்துவிடும். சப்ளை ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் சின்ன ஏற்ற இறக்கம்) பார்ப்பதைத் தவிர 1 எக்ஸை நான் தொடுவதில்லை. 10 எக்ஸிலும் 10 மெகாஓம் என்பது டிசிக்கு மட்டும்தான், 20 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 10 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 800 ஓம், 100 மெகாஹெர்ட்ஸில் வெறும் 80.

பெரிய குறை புரோப்பின் பக்கத்தில் கிளிப்போடு தொங்கும் அந்த நீள கிரவுண்ட் வயர், இது விலை அதிகமான புரோப்புக்கும் பொருந்தும். வயர் சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 நானோஹென்றி, 15 சென்டிமீட்டருக்கு 150. புரோப்பின் 20 பிக்கோஃபாரடோடு சேர்ந்து இது 90 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே அதிரத் தொடங்கும், இதைத்தான் ரிங்கிங் என்பது. பெட்டியில் 100 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது, வயர் அதற்கு முன்பே கதையை முடித்துவிடுகிறது! மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) கேட்டில் தெரியும் ரிங்கிங்கை அடக்க ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த இணைப்பு) போட்டுப் போட்டு அலுத்துப்போகிறவர்கள், முதலில் கொக்கியையும் வயரையும் கழற்றிவிட்டு முனையை ஒட்டிய குட்டி ஸ்பிரிங்கில் கிரவுண்ட் எடுத்துப் பாருங்கள், பாதி ரிங்கிங் அங்கேயே காணாமல் போக வாய்ப்பு உண்டு. எல்லா பாக்கெட்டிலும் ஸ்பிரிங் வருவதில்லை. வராவிட்டால் ஈயம் பூசிய செம்புக் கம்பியை முனைக்குப் பின்னால் உள்ள உலோக வளையத்தில் இறுக்கிச் சுற்றினால் போதும்.

கிரவுண்ட் வயரின் கிளிப் ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னோடு நேராகச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் பவர் சப்ளை) பிரைமரி, அதாவது மெயின்ஸ் பக்கத்து கிரவுண்டில் மாட்டினால் ஷார்ட்தான். எர்த் பின்னை வெட்டுவது தீர்வே இல்லை, ஸ்கோப்பின் உடம்பிலேயே கரன்ட் வரும். அந்த வேலைக்கு டிஃபரன்ஷியல் புரோப் (எர்த்தோடு சேராமல் இரண்டு புள்ளிக்கு இடையிலான வோல்டேஜை அளப்பது) வேண்டும், பி6100 அதற்கானது அல்ல.

வாங்கும்போது மல்டிமீட்டர் கையில் இருந்தால் 1 எக்ஸில் வைத்து முனைக்கும் பிஎன்சி நடு பின்னுக்கும் ஓம் பாருங்கள். சில நூறு ஓம் காட்டும். கேபிள் நடுக்கம்பியே வேண்டுமென்று ரெசிஸ்டன்ஸோடு செய்ததுதான், பழுது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். கேபிளை இரண்டு முனையிலும் வளைத்து ஆட்டும்போது அந்த எண் தாவினால் மட்டும் வேறு ஜோடி கேளுங்கள்.