சப்வூஃபர் போர்டு போயிடுச்சா? 5200-1943ஐயே சரிபண்ணுவதா, கிளாஸ் டி மாட்டுவதா?

அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப் இருக்கிற வீடுகளில் பெரும்பாலும் முதலில் படுப்பது, பாஸ் ஸ்பீக்கரை ஓட்டுகிற சப்வூஃபர் போர்டுதான். மற்ற ஐந்து சேனலும் 4440 ஐசியிலோ 2030 ஐசியிலோ நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். சப்புக்கு மட்டும் 5200-1943 டிரான்சிஸ்டர் போர்டு, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர், கை வைக்க முடியாத சூட்டில் ஒரு ஹீட் சிங்க். அது போனதும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: இருக்கிற போர்டையே சரிபண்ணலாமா, இல்லை உள்ளங்கை அகலத்தில் 3116 என்று ஒரு கிளாஸ் டி (அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடுகிற, அதிகம் சூடாகாத ஆம்ப்) போர்டு வருகிறதே, அதை வாங்கி மாட்டிவிடலாமா? சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நின்று கேட்டால் கடைக்கு ஒரு பதில் வரும். இரண்டையும் வருஷக்கணக்கில் ஓட்டி, இரண்டிலும் பழுது பார்த்தவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில், போர்டு உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பாருங்கள். ஹம்மிங் வருகிறது என்பதற்காக மட்டும் புது போர்டு வாங்க ஓடாதீர்கள். பவர் போர்டுக்கு வரும் இன்புட் வயரை எடுத்துவிட்டு, அங்கே சிக்னல் முனையையும் கிரவுண்டையும் ஒரு சின்ன வயர் துண்டால் சேர்த்துவிட்டுக் கேளுங்கள். ஹம் நின்றுவிட்டால் போர்டு நல்ல போர்டு, கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது: பாஸை மட்டும் விடுகிற லோ பாஸ் ஃபில்டர் போர்டு, வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகும் ஷீல்டு வயர், இல்லையென்றால் டிவியும் ஆம்பும் வேறு வேறு பிளக்கில் எர்த் எடுப்பதால் வரும் கிரவுண்ட் லூப். இந்த வகை ஹம், நீங்கள் எந்த போர்டு மாட்டினாலும் கூடவே வரும். கிளாஸ் டி வாங்கியும் ஹம் போகவில்லை என்று புலம்புகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

சேர்த்த பிறகும் ஹம் நிற்கவில்லை என்றால் பவர் சப்ளையைப் பாருங்கள். காது கொடுத்தால் வித்தியாசமே கேட்கும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கிரவுண்ட் லூப் ஹம் பெரும்பாலும் அந்த 50-லேயே கனமாக அடியில் உட்கார்ந்திருக்கும். ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் ஹம் 100 ஹெர்ட்ஸில், அதாவது ஒரு ஸ்தாயி மேலே வரும். மேல்மூடி உப்பிய 4700 எம்எஃப்டி கெப்பாசிட்டர் இரண்டை மாற்றினால் வேலை முடிந்தது. இன்னொன்று, ஹம் போவதற்காக மூணு பின் பிளக்கில் எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் ஒருநாள் விட்டுப்போனால் தகரப் பெட்டி முழுக்க 230 வோல்ட், குழந்தைகள் தொடுகிற உயரத்தில்.

ஃபியூஸ் போகிற கேஸ் வேறு. இதற்கு 100 வாட் குண்டு பல்ப் ஒன்றை மெயின் லைனில் சீரிஸில் போட்டு ஆன் செய்ய வேண்டும். பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர் நிரம்புகிறது, நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். டிரான்சிஸ்டர் போர்டின் பெரிய பலம் இந்த இடத்தில் தெரியும், ஏனென்றால் அந்த ஷார்ட்டை ஒரு மல்டிமீட்டரோடு உட்கார்ந்து நீங்களே தேடிப்பிடித்துவிடலாம்.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் மச்சான் வீட்டு ஆம்பைத் திறந்தேன். கடையில் இரண்டு தடவை 5200-1943 ஜோடி மாற்றிக் கொடுத்தும் வீட்டுக்கு வந்ததும் ஃபியூஸ் போகிறதாம். சீரிஸ் பல்ப் முழு வெளிச்சம். டிரான்சிஸ்டர்களைக் கழற்றி டயோடு மோடில் பார்த்தால் பேஸிலிருந்து இரண்டு பக்கமும் 0.5, 0.6 என்று அழகாகக் காட்டுகிறது, கலெக்டர்-எமிட்டர் ஷார்ட் இல்லை. கழற்றிய பிறகு பல்பும் அடங்கிவிட்டது. அப்படியானால் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் கோளாறு. டிரான்சிஸ்டருக்கு அடியில் இருந்த, கரண்ட் கடத்தாத மைக்கா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஸ்க்ரூ துளைக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஹீட் சிங்கில் துளை போட்டபோது எழும்பிய அலுமினியப் பிசிறு, மணல் அளவுதான், விரலால் தடவினால் மட்டுமே தெரிகிறது, ஸ்க்ரூவை இறுக்க இறுக்க அது மைக்காவைக் குத்தியிருக்கிறது. 5200-க்கு முதுகுத் தகடே கலெக்டர். அது பெட்டியைத் தொட்டால் 33 வோல்ட் நேராக கிரவுண்டுக்கு. பெரிய டிரில் பிட்டைக் கையாலேயே திருகிப் பிசிறை எடுத்து, புது மைக்கா, வெள்ளைப் பேஸ்ட், அவ்வளவுதான். நாலு வருஷம் ஆகிறது, இன்னும் அடிக்கிறது. அன்றைக்குக் கிளாஸ் டி வாங்கியிருந்தால் ஒரு மைக்கா தாளுக்காகக் கனமான காப்பர் டிரான்ஸ்ஃபார்மரைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள்.

3116 போர்டில் இப்படித் தேடிப்பிடிக்க ஒன்றும் இல்லை. ஐசி போனால் போனதுதான். நெருக்கமான கால்களோடு ஒட்டியிருக்கும் பொடி ஐசியை ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) இல்லாமல் மாற்றுவது கஷ்டம், அந்தச் செலவுக்குப் புது போர்டே வந்துவிடும்.

ஆனால் சாகிற விதத்தில் கிளாஸ் டி-க்குத்தான் என் ஓட்டு. டிரான்சிஸ்டர் போர்டு தனியாகப் போகாது, ஸ்பீக்கரையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு 5200 ஷார்ட் ஆனால் 33 வோல்ட் டிசி அப்படியே காயிலில் ஏறும். 4 ஓம்ஸ் சப்பின் காயிலை மீட்டரில் பார்த்தால் மூன்றரை ஓம்ஸ்கூட இருக்காது; ஒன்பது பத்து ஆம்ப் கரண்ட், 300 வாட் சூடு, சில நொடிகளில் வார்னிஷ் கருகும் வாசனை. ஸ்பீக்கர் புரொட்டெக்‌ஷன் ரிலே போர்டு (டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடுவது) இல்லாமல் 5200 ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பழுது பார்த்த பிறகும் ஸ்பீக்கரை மாட்டாமல் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று பாருங்கள், 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஸ்பீக்கர். 3116 ஐசிக்குள்ளேயே ஷார்ட், சூடு, டிசி மூன்றுக்கும் பாதுகாப்பு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 3116-இல் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது. இரண்டு முனையுமே ஓடுகிற அவுட்புட். மீட்டரின் கறுப்பு வயரைக் கிரவுண்டில் வைத்து அளந்தால் 24 வோல்ட் சப்ளையில் 12 வோல்ட் காட்டும். போர்டு போய்விட்டது என்று பதற வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். இரண்டு ஸ்பீக்கர் முனைக்கும் இடையில் அளக்க வேண்டும். பழைய கேபினெட்டில் ஸ்பீக்கர் மைனஸைப் பெட்டியோடு சேர்த்திருந்தால் அதை முதலில் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது வாட்ஸ். பலரும் ஏமாறுவது இதில்தான். 3116 மோனோ போர்டு '100 வாட்ஸ்' என்று விற்கிறது. அந்த 100 வாட், 21 வோல்ட்டில் 2 ஓம்ஸ் லோடுக்கு, அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனில், அதாவது சத்தம் கரகரக்கிற நிலையில். உங்கள் சப் 8 ஓம்ஸ் என்றால் 24 வோல்ட் சப்ளையில் சுத்தமாகக் கிடைப்பது 30 வாட் சுற்றி, 4 ஓம்ஸ் என்றால் 50, 60. போர்டை மோனோவாகச் சேர்ப்பதால் கரண்ட் கூடுமே தவிர வோல்ட்டேஜ் கூடாது. 24-0-24-இல் ஓடும் 5200 போர்டோ அதே 8 ஓம்ஸில் 50 வாட்டைத் தாண்டும், 4 ஓம்ஸில் டிரான்ஸ்ஃபார்மர் தாங்கினால் 80-ஐத் தாண்டும். 8 ஓம்ஸ் பத்து இஞ்ச் சப்பை 3116-இல் போட்டுவிட்டு 'முன்ன மாதிரி குத்து இல்லையே' என்றால் காரணம் இதுதான். கிளாஸ் டி-யிலேயே பெரிதாக வேண்டும் என்றால் 3255 ஐசி போர்டு இருக்கிறது, ஆனால் அதற்கு 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பவர் சப்ளை) வேண்டும், செலவு எங்கோ போய்விடும்.

கிளாஸ் டி-க்குப் பழைய லேப்டாப் அடாப்டரைக் கொடுப்பவர்களுக்கு: 19 வோல்ட், 65 வாட் அடாப்டர் மூன்றரை ஆம்ப்கூடத் தராது. பெரிய பாஸ் அடி விழும்போது அடாப்டர் ஓவர்லோடில் கட் ஆகி மறுபடி வரும், பாட்டு விட்டு விட்டுக் கேட்கும், போர்டைக் குறை சொல்வோம். 24 வோல்ட் 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் கொடுங்கள். போர்டிலிருக்கும் கெப்பாசிட்டரில் 25 வோல்ட் என்று எழுதியிருந்தால் 24 வோல்ட் கொடுக்கும் முன்பே 35 வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

டிரான்சிஸ்டர் பக்கம் உள்ள தலைவலி போலி 5200. ஒரிஜினல் 15 ஆம்ப், 150 வாட் தாங்கக்கூடியது. போலியை உடைத்துப் பார்த்தால் உள்ளே சில்லு பொட்டு மாதிரி இருக்கும். நம்பிக்கையான கடையில் மட்டும் வாங்குங்கள், புது ஜோடியைப் போடும் முன் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும் 5 வாட் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் அளந்துவிடுங்கள். அவை போயிருந்தால் புது ஜோடி ஒரு பாட்டுக்குக்கூடத் தாங்காது. நடுவில் 7294 என்று ஒரு ஐசி போர்டும் இருக்கிறது, வேலை சுலபம், ஒரே ஐசி. ஆனால் அதன் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது, மைக்கா இல்லாமல் மாட்டினால் ஆன் செய்த உடனேயே போய்விடும். 4440-ஐ சப்புக்கு யோசிக்கவே வேண்டாம், இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்தாலும் 19 வாட்தான்.

என் முடிவு இதுதான். டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருந்து, சப் 8 ஓம்ஸ் என்றால் 5200 போர்டையே சரிபண்ணுங்கள், கூடவே புரொட்டெக்‌ஷன் ரிலே. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது, சப் 4 ஓம்ஸ், ஓடப்போவது சின்ன அறையில் என்றால் கிளாஸ் டி. இரண்டில் எதற்குக் காசு எடுத்து வைக்கும் முன்பும், சப்பின் கோனை இரண்டு உள்ளங்கையாலும் சமமாக மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். உரசுகிற சத்தம் வந்தால் காயில் வெந்து ஊதியிருக்கிறது. போர்டுக்கு வைத்திருந்த பணத்தில் முதலில் காயிலை மாற்றுங்கள்.